வேலாயி செத்த பக்கம்

"ஏங்க, வேலாயி எப்பங்க செத்தா?"

மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். மடியில் புத்தகம். என் மனைவி கனகா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மகள் யசோ வாங்கிக் கொடுத்த டேப்லெட். அது அணைந்து கிடந்தது. அணைந்து கிடந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வேலாயி எங்கள் உறவுக்காரி அல்ல. அப்போது நாங்கள் இருவரும் படித்துக்கொண்டிருந்த நாவலில் வருகிற ரயில்வே கேட் காவலரின் மனைவி. நாவலின் பெயரைக் கேட்காதீர்கள். அவள் சாகிறாள் என்பதை இங்கே போட்டு உடைத்துவிட்டேன். பெயரையும் சொன்னால் அதைப் பாதியில் வைத்திருப்பவர்கள் பெங்களூர் மர்பி டவுன் வரைக்கும் தேடி வந்து உதைப்பார்கள்.

நான் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது.

"சொல்லுங்க. செத்துட்டா இல்ல? அத நான் படிச்சேனா, படிக்கலியா?"

அவள் குரலில் நடுக்கம் இருந்தது. ஒரு கதாபாத்திரத்துக்காக வருகிற நடுக்கம் இல்லை அது. ஏன் என்று சொல்வதற்கு, ஒரு துணித் துண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

துணித் துண்டும் விசிட்டர் சீட்டும்

கல்யாணமான புதிதில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. அல்சூர் பக்கத்து நூலகத்தில் ஒரே ஒரு உறுப்பினர் அட்டை. ஒரு அட்டைக்கு ஒரு புத்தகம், இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். படிப்புப் பைத்தியமோ இரண்டு பேர்.

எனக்குப் பைத்தியம் பிடித்த கதையை முன்பே வேறொரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன்: எங்கள் பௌத்த சங்கத்தின் படிப்பகம், அதன் ஆடுகிற பெஞ்சு எல்லாம். கனகாவுக்கு எப்படிப் பிடித்தது என்று அவளுக்கே தெரியாது. பிறக்கும்போதே இருந்திருக்கும் என்பாள்.

நான் அப்போது ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்மேன். அவள் கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைக்கிறவள். காலையில் புத்தகம் என் சாப்பாட்டுப் பையில் போகும். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கைக்குப் போய்விடும். புருஷன் வந்தானா என்று பார்க்க மாட்டாள், புத்தகம் வந்ததா என்றுதான் பார்ப்பாள்.

ஒரே புத்தகத்துக்குள் இரண்டு அடையாளம் இருக்கும். என்னுடையது, கட்டடத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் விசிட்டர் சீட்டு. அவளுடையது, தையல் மேஜையில் மிஞ்சுகிற துணித் துண்டு. வெளிநாட்டு ஆர்டர் மாற மாற அதன் நிறம் மாறும். ஒரு மாதம் கட்டம் போட்ட நீலம், அடுத்த மாதம் வெளிர் மஞ்சள்.

துணி எப்போதும் சீட்டுக்கு முன்னால்தான் இருக்கும். சோறு கொதிக்கும்போது படிப்பாள், குழாயடியில் முறைக்காக நிற்கும்போது படிப்பாள். நானும் எத்தனையோ தரம் எட்டிப் பிடிக்கப் பார்த்திருக்கிறேன். முடிந்ததில்லை.

ஒரு சட்டம் இருந்தது. முன்னால் போனவர் வாயைத் திறக்கக் கூடாது, பின்னால் வருகிறவர் கேட்கக் கூடாது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில் கூட அந்தச் சட்டத்தை நாங்கள் மீறியதில்லை.

ஏழு மாடிக்கு அரைப் பக்கம்

லிஃப்டில் எப்படிப் படித்தாய் என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்து லிஃப்ட் அது. மடக்குகிற இரும்புக் கதவு, உள்ளே எனக்கு ஒரு ஸ்டூல். கீழேயிருந்து ஏழாவது மாடி போய்ச் சேருவதற்குள் அரைப் பக்கம் படிக்கலாம். மூன்றாவது மாடியில் யாராவது ஏறினால் ஒரு பத்தி நட்டம்.

ஒரு பெரிய அதிகாரி ஒருநாள் ஏறினார். "ஏனப்பா, இதேனு லைப்ரரினா?" என்று கன்னடத்தில் கேட்டார். இது என்ன நூலகமா என்று அர்த்தம். இல்லை சார், ஐந்தாவது மாடி என்றேன். அவர் இறங்க வேண்டியது நான்காவது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் தானியங்கி லிஃப்ட் வந்தது. பிறகு ஒருமுறை அங்கே போய் விருந்தாளியாக ஏறிப் பார்த்தேன். ஒன்பது பேர் இருந்தோம். எட்டுப் பேர் தலை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலம் கெட்டுவிட்டது என்று வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"நீங்க மட்டும் இன்னா பண்ணிகினு இருந்தீங்களாம்?" என்றாள் கனகா.

நியாயம்தான். அந்த லிஃப்டில் முப்பது வருஷம் தலை நிமிராமல் போன முதல் ஆள் நானே.

அவள் அழுத இடங்கள்

கனகா புத்தகம் படித்து அழுவாள். கண் கலங்குவது, மூக்கை உறிஞ்சுவது எல்லாம் கிடையாது. வாய்விட்டு, மார்பு குலுங்க, சாவு வீட்டு அழுகை. ஒருமுறை பக்கத்து வீட்டு சரோஜா கரண்டியோடு ஓடி வந்து, "அண்ணி, யாரு போயிட்டாங்க?" என்று கேட்டாள். கனகா புத்தகத்தைக் காட்டினாள். சரோஜா கரண்டியை ஓங்கினாள்.

சட்டம் இருந்ததால் எதற்கு அழுகிறாள் என்று நான் கேட்க முடியாது. ஆனால் அடுத்த முப்பது பக்கத்துக்குள் யாரோ சாகப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். மறுநாள் லிஃப்டில் பயந்து பயந்து பக்கம் புரட்டுவேன். தவறான மாடியில் நிறுத்தித் திட்டு வாங்குவேன்.

அவளுக்கு ஒரு விசேஷம் உண்டு. கதை மறந்துபோகும், பெயர்கள் மறந்துபோகும். அழுத இடம் மட்டும் மறக்காது. "அந்தப் புஸ்தகமா? மண்ணெண்ண க்யூவுல நின்னுகினு அழுதனே" என்பாள். "இதுக்கு யசோவுக்குப் பால் குடுத்துகினே அழுதேன், கொழந்த பயந்துபோயி அதுவும் அழுதுச்சு" என்பாள். அவள் வாழ்க்கையை அந்த அழுகைகளை வைத்தே வரிசையாகச் சொல்லிவிடுவாள்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் காணாமல் போன எழுத்து

சர்க்கரை அவள் கண்ணைத் தின்ன ஆரம்பித்தது எப்போது என்று எங்களுக்குத் தெரியாது. ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை என்றாள். கண்ணாடி மாற்றினோம். பிறகு ஒருநாள், "வார்த்தைக்கு நடுவுல ஆவி பட்ட மாதிரி கீது, ஓரம் மட்டும் தெரியுது" என்றாள். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். கண்ணிலேயே ஊசி போட்டார்கள். இருக்கிறது இப்படியே இருந்தால் பெரிய விஷயம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்போதுதான் அந்த ரயில்வே கேட் நாவலை நடைபாதைக் கடையில் வாங்கி ஆரம்பித்திருந்தோம். கண் சரியில்லாததால் அந்த ஒருமுறை அவள் பின்னால் இருந்தாள். துணித் துண்டு பதினெட்டாவது அத்தியாயத்தில், என் சீட்டு இருபத்துநாலில். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தோம். அதன்பிறகு நானும் தொடவில்லை. தியாகம் என்று நினைக்காதீர்கள். அவள் இல்லாமல் படித்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

நான் படித்துக் காட்டுகிறேன் என்று இரண்டு நாள் முயன்றேன். மூன்றாம் நாள் நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"நீங்க படிச்சா கதையில எல்லாரும் லிஃப்ட்மேன் மாதிரியே பேசறாங்க."

பல மாதம் இப்படியே போனது. சாயங்காலமானால் வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பார்க்கவே முடியாது. கடைக்குப் போகிறேன் என்று எழுந்து போய்விடுவேன்.

நான் செய்த சத்தியம்

எங்கள் மகள் யசோதரா ஈஜிபுராவில் குடியிருக்கிறாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு வந்து அந்த டேப்லெட்டை அம்மா கையில் வைத்தாள். அதே நாவல் அதில் இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் என் கட்டைவிரல் நகம் அளவு. ஒரு திரைக்கு ஐந்தே வரி.

கனகா தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் பார்த்தாள். முதல் வரியை மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். இரண்டாவது வரியை வேகமாகப் படித்தாள்.

"தெரியுதுடீ," என்றாள். "யசோ, தெரியுதுடீ."

எந்தப் புருஷனும் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இத்தனை மாதம் பக்கத்தில் இருந்து என்னால் கொடுக்க முடியாததை ஒரு கண்ணாடிப் பலகை ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டது. அந்த எரிச்சலை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. அதனால் காகிதத்துக்கு வக்கீலாகிவிட்டேன். புத்தகம் என்றால் கையில் கனக்க வேண்டும், வாசம் வர வேண்டும், எவ்வளவு மிச்சம் என்று விரலுக்குத் தெரிய வேண்டும் என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். மருமகன் எதிரிலேயே சத்தியமும் செய்தேன்.

"நான் சாகற வரைக்கும் அந்தப் பலகைய தொட மாட்டேன்."

"யாரும் உங்கள தொடச் சொல்லல நைனா," என்றாள் யசோ.

மறுநாள் முதல் ஜன்னலோரம் அவள் டேப்லெட்டோடு, எதிரே நான் காகிதத்தோடு. அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, என் சீட்டு இருந்த இடத்தில் தொடங்கினேன். வீம்புக்காகப் பக்கத்தைச் சத்தமாகப் புரட்டினேன். அவள் கண்டுகொள்ளவே இல்லை. படித்துக்கொண்டிருந்தாள்.

திருட்டுப் படிப்பு

மூன்றாம் நாள் காலை என் கண்ணாடிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் சரிசெய்ய இரண்டு நாள் கேட்டார்.

காலையில் கனகாவும் சரோஜாவும் ஏரிக்கரைக்கு நடக்கப் போவார்கள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். வீட்டில் நான், கண்ணாடி இல்லாமல். கட்டில்மேல் அந்தப் பலகை. கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கண்ணாடி இல்லாமலே எழுத்து எழுந்து வந்து நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுகமாக இருந்தது.

அதில் ரிப்பன் மாதிரி ஒரு அடையாளம் வைக்கலாம். யசோ அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தபோது, நான் படிப்பது போல் நடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் கற்றுக்கொண்டிருந்தேன். அத்தியாயப் பட்டியலில் இருபத்துநாலுக்குப் போனேன், படித்தேன், ரிப்பன் வைத்தேன், மூடினேன். மறுநாள் திறந்தால் கனகா விட்ட இடம் வந்தது. என் ரிப்பனை அழுத்தி என் இடத்துக்குப் போனேன். ஆகா, அவளுடைய துணி அவள் இடத்தில், என் சீட்டு என் இடத்தில் என்று திருப்தியாக இருந்தது.

என் கண்ணாடி திரும்பி வந்த பிறகும் நிறுத்தவில்லை. காலையில் திருட்டுத்தனமாக அதில் படிப்பது. மத்தியானம் அவள் எதிரில் காகிதத்தை விரித்து, நியாயமான இடைவெளியில் பக்கம் புரட்டி நடிப்பது. இப்படி ஒரு வாரம். இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் வேலாயி செத்தது அந்த முதல் காலையில்தான். தனியாக உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

முப்பது வருஷம் ஒரு புத்தகத்தில் இரண்டு அடையாளம் வைத்துப் பழகியவன் நான். ஒருவர் படிப்பதால் இன்னொருவர் அடையாளம் நகரும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? அந்தப் பலகைக்கு இந்த நாகரிகம் எல்லாம் தெரியாது. கடைசியாக யார் எங்கே மூடினார்களோ, அடுத்து யார் திறந்தாலும் அங்கேதான் திறக்கும்.

அந்த மத்தியானம்

"நான் நிறுத்தறப்போ வேலாயி கேட்டுக்குப் பக்கத்துல உக்காந்து முருங்கக்கீர ஆய்ஞ்சிகினு இருந்தா," என்றாள் கனகா. "மறுநா தெறந்தா அவளுக்குப் பத்தாம் நாள் காரியம் நடக்குது."

நான் கையிலிருந்த புத்தகத்தை மூடினேன்.

"தப்பா கை பட்டுடுச்சின்னு நெனச்சி தள்ளித் தள்ளித் தேடனேன். அந்தப் பட்டியல் எழுத்து எனக்குத் தெரியறதில்ல. கண்ணு எரிஞ்சி போச்சி. ஒரு வழியா கீர ஆயுற எடத்துக்கு வந்தேன். அடுத்த நாளும் வேற எங்கயோ கீது. ஒரு வாரமா இப்டி. அவ செத்தத நான் படிச்சிருக்கேன். படிக்காம எப்டி அந்தப் பக்கம் போக முடியும்? படிச்சி அழுதிருப்பேன்."

டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"அழுத ஞாபகமே இல்லங்க."

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அந்த வாரம் முழுக்க நான் பார்த்தும் பார்க்காமல் விட்டவை எல்லாம் வரிசையாக வந்தன. கேஸ் குமிழைத் திருகி மூடிவிட்டு மறுபடி வந்து தொட்டுப் பார்த்தாள். யசோவின் போன் நம்பரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன்.

அவளுடைய அக்கா ராஜம்மா ஆனேக்கலில் இருந்தாள். கடைசி இரண்டு வருஷம் தன் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குப் போகணும் என்று அழுவாள். வாராவாரம் பஸ் ஏறிப் போய் அவளைக் குளிப்பாட்டித் தலை வாரி விட்டு வந்தவள் கனகா. "யாரும்மா நீ, நல்லாருப்பே" என்று அக்கா ஆசீர்வாதம் செய்வாள். திரும்பி வருகிற பஸ்ஸில் கனகா படிக்க மாட்டாள்.

"அக்காவுக்கும் மொதல்ல இப்டிதான் ஆரம்பிச்சிது," என்றாள். "எனக்கும் வந்துடுச்சிங்க."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. நான்தான் எடுத்துப் படித்தேன் என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல, வயசாச்சில்ல," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பேசிய கேவலமான வார்த்தைகள் அவைதான். மருமகன் எதிரில் செய்த சத்தியம், ஒரு வாரத்து நடிப்பு, எல்லாம் அம்பலமாகுமே என்ற அற்ப வெட்கம். அதற்காக அவளை அந்த இருட்டிலேயே விட்டுவைத்தேன்.

அவள் யசோவுக்குப் போன் செய்தாள். ஞாபக மறதிக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கழித்து நேரம் கிடைத்தது. அந்த இரண்டு நாளும் அவள் எனக்கு வீட்டைச் சொல்லிக் கொடுத்தாள். ரேஷன் கார்டு எங்கே, அவள் மாத்திரைகள் எந்த டப்பாவில், சாம்பார்ப் பொடிக்கு மல்லி எத்தனை பங்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"அக்கா மாதிரி ஆயிட்டா என்ன யசோ வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. அவ வேலைக்குப் போற பொண்ணு."

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே வந்து சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வெளியே வந்தபோது மல்லியை வறுத்துக் காட்டத் தயாராக நின்றாள். மல்லியை வறுத்தோம்.

யார் அந்த வேலாயி?

டாக்டர் சின்னப் பெண். கன்னடத்தில் பேசினாள். கனகாவும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். நாற்காலி, மாம்பழம், சாவி என்று மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். கிழமை கேட்டாள், மாதம் கேட்டாள். கண் தெரியாது என்பதால் பெரிய காகிதம் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னாள். கனகா முள்ளோடு சேர்த்து வரைந்தாள். பிறகு அந்த மூன்று வார்த்தையைக் கேட்டாள். கனகா மூன்றையும் வரிசை மாறாமல் சொன்னாள்.

"சென்னாகிதீரம்மா," என்றாள் டாக்டர். நன்றாக இருக்கிறீர்கள்.

யசோ பெருமூச்சு விட்டாள். கனகா நாற்காலியை விட்டு எழவில்லை.

"நல்லா இருந்தா வேலாயி செத்தது ஏன் எனக்கு ஞாபகம் இல்ல?" என்று கன்னடத்தில் கேட்டாள். கேட்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் முகம் மாறியது. பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "யாரு அவரு? யாவாக தீர்கொண்டரு?" யார் அவர், எப்போது காலமானார்?

யசோவுக்கும் புரியவில்லை. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். கனகா தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"போன வாரம் மேடம்," என்றேன். "காலையில. அவ சாகும்போது வீட்ல நான் மட்டும்தான் இருந்தேன். இவ வாக்கிங் போயிருந்தா."

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. யசோ, "நைனா, இன்னா ஒளறீங்க?" என்று எழுந்தேவிட்டாள். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. உடைந்த கண்ணாடி, சாத்திய கதவு, ரிப்பன், மத்தியான நடிப்பு, எல்லாவற்றையும் கொட்டினேன். கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடித்தேன். நடுவில் எங்கேயோ நானும் அழுதிருக்கிறேன்.

யசோ தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் குனிந்து எதையோ எழுதுவது போல இருந்தாள், சிரிப்பில் தோள் குலுங்கியது. கனகா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஆட்டோ எங்கள் தெருவுக்குத் திரும்பும்போதுதான் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"என் புத்தி தொலஞ்சி போச்சின்னு ஒரு வாரமா வீடெல்லாம் தேடிகினு இருந்தேன். நீங்க அத பாக்கெட்ல போட்டுகினு எதிர்லயே உக்காந்திருந்தீங்க."

அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. பேசாததுதான் சரி.

ஒரு வீட்டில் ஒரு புத்தகம்

மறுநாள் யசோ வந்தாள். அந்தப் பலகையில் அம்மாவுக்கு ஒரு பெயர், எனக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக வைத்துவிடலாம், ஒருவர் படிப்பது மற்றவரைத் தொடாது என்றாள்.

"ஒரு வீட்ல ரெண்டு புஸ்தகமா?" என்றாள் கனகா. "வேணாம்."

எழுந்து போய்ப் பழைய டப்பாவைக் குடைந்தாள். விரலால் தடவித் தடவி ஒரு துணித் துண்டை எடுத்தாள். கட்டம் போட்ட நீலம். டேப்லெட்டின் மேலுறைக்குள் அதைச் செருகினாள். என் பக்கம் கையை நீட்டினாள். நான் போய் என் விசிட்டர் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"நீங்க எடுத்துப் படிச்சா, திரும்ப என் எடத்துக்குக் கொண்டாந்து வெக்கணும். வெச்சிட்டு, இந்தச் சீட்ட இதுல செருவிட்டுப் போவணும். பக்கம் மாறியிருந்தா தடவிப் பாப்பேன். சீட்டு இருந்தா தப்பு உங்களுது. இல்லன்னா என்னுது."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். நானும் இப்போது ஒளிக்காமல் அதில் படிக்கிறேன். காகிதத்தையும் விடவில்லை. மருமகன் ஒன்றும் கேட்கவில்லை, சிரிப்பை மட்டும் அடக்கிக்கொள்கிறார்.

ஒரு கவலை எனக்கு மிச்சம் இருந்தது. "செத்துடுவான்னு உனக்குத் தெரிஞ்சி போச்சே கனகா, கதைய கெடுத்துட்டனே," என்றேன்.

"செத்தான்னுதான தெரியும். எப்டி செத்தான்னு தெரியாதில்ல."

சொல்லிவிட்டாள். ஆனால் பதினெட்டாம் அத்தியாயத்திலிருந்து அவள் மெதுவாகத்தான் போனாள். ஒவ்வொரு நாளும் கையை உறைக்குள் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத் திறந்தாள். எனக்குப் புரிந்தது. டாக்டர் சொன்னது ஒரு பக்கம். அந்த இடம் வரும்போது தனக்கு அழுகை வருமா என்று அவளுக்குள் பயம் இருந்தது. ஏற்கெனவே அழுது மறந்துபோன இடமாக அது இருந்துவிட்டால்? எனக்கும் அதே பயம். வராவிட்டால் அந்தப் பழியும் என்னைத்தான் சேரும்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம். நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். யசோ போனில் இருந்தாள், ஏதோ விடுமுறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே ஜன்னலோரம் அமைதியாக இருந்தது.

முதலில் ஒரு விம்மல் கேட்டது. கத்தியைக் கீழே வைத்தேன். அப்புறம் வந்தது பாருங்கள், வாய்விட்டு, மார்பு குலுங்க, மண்ணெண்ணெய் க்யூவிலும் குழாயடியிலும் அவள் அழுத அதே பழைய அழுகை. பக்கத்து வீட்டில் சரோஜா கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

போனில் யசோ பதறினாள். "நைனா, அம்மா இன்னாத்துக்கு அழுவுது? நைனா, இன்னா ஆச்சு?"

போனை ஜன்னலோரம் பார்த்து நீட்டினேன்.

"ஒண்ணும் இல்ல யசோ," என்றேன். "உங்கம்மா படிக்கிறா."